பணம் கட்டும் முன்: பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்குச் சேர்க்கை வழிகளைப் புரியவைத்தல்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே நெல்லைப் பக்கத்து வீடுகளில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "உங்க பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு சீட் எடுத்து வச்சிருக்கோம். இன்னைக்குப் பத்தாயிரம் கட்டிட்டா போதும், மிச்சத்தைப் பிறகு பாத்துக்கலாம்" என்பார்கள். முக்கூடலில் பீடி சுற்றும் அம்மாவுக்கும் இந்த போன் வரும், களக்காட்டில் வாழை போட்டிருக்கும் அப்பாவுக்கும் வரும். மறுநாள் அவர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கேட்பது ஒரே கேள்வி: "சார், பத்தாயிரத்தக் கட்டிரட்டுமா? விட்டா சீட்டு போயிரும்னு சொல்லுதாங்க."

பள்ளியிலோ ஊரிலோ உயர்கல்வி வழிகாட்டும் வேலையை எடுத்துச் செய்கிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். எந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது என்ற பேச்சையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். பதில் இப்படி இருக்க வேண்டும்: தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் அரசு ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக வந்திருப்பார், இன்னொருவர் நிர்வாக ஒதுக்கீட்டில் நேராகப் பணம் கட்டி வந்திருப்பார். பாடமும் பரீட்சையும் பட்டமும் இருவருக்கும் ஒன்றுதான், கட்டணம்தான் வேறு. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் வந்தவருக்கு மட்டும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கலந்தாய்வில்தான் கிடைக்கும், அதில் வருகிறவரின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அவசரப்பட்டுக் கட்டும் அந்தப் பத்தாயிரம், நான்கு வருஷமும் கிடைக்க வேண்டிய உதவியை வெட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கைக் காட்டினால் பெற்றோர் நிதானத்துக்கு வருகிறார்கள். "ஏமாத்துறாங்க, கட்டாதீங்க" என்று மட்டும் சொன்னால் வருவதில்லை. சீட் போய்விடும் என்ற பயம் மனதில் அப்படியே இருக்கும், சாயங்காலம் இன்னொரு போன் வந்ததும் கட்டிவிடுவார்கள். யாரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். வீட்டில் முடிவெடுப்பவர் பல நேரம் நம் முன்னால் இருப்பதில்லை. மும்பையில் கடை வைத்திருக்கும் பெரியப்பாவோ, சென்னையில் ஐ.டி.யில் இருக்கும் தாய்மாமாவோதான் கடைசி வார்த்தை சொல்வார். அவரை அங்கேயே போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, எல்லோருக்கும் ஒருமுறையாகச் சொல்லிவிடுவது நல்லது. அம்மா வீட்டுக்குப் போய் அரைகுறையாகச் சொன்னால் விஷயம் திரிந்துபோகும்.

குரூப்பிலிருந்து தொடங்குவது

பெற்றோர் படிப்பின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். நாம் பிள்ளை பிளஸ் டூவில் எடுத்த குரூப்பிலிருந்து தொடங்க வேண்டும். எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியாயிற்று என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் என்றால் ஏறக்குறைய எல்லாம் திறந்திருக்கிறது. கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் என்றால் அரசின் இன்ஜினியரிங் கலந்தாய்வு கிடையாது, மருத்துவம், நர்சிங், கால்நடை மருத்துவம் போன்றவை உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு இன்ஜினியரிங் உண்டு, மருத்துவம் இல்லை. காமர்ஸ் பிள்ளைகளுக்கு பி.காம்., பி.பி.ஏ. தவிர வேறில்லை என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். நெல்லையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் சென்னையிலுள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போகும், இடம் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கும். தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வில் தனியாக இடங்கள் உண்டு. இதையும் அந்தப் பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை.

பாலிடெக்னிக்கைப் பலர் பத்தாம் வகுப்போடு முடிந்த விஷயமாக வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்தவர் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். இரண்டே வருஷத்தில் டிப்ளமோ, பிறகு பி.இ. இரண்டாம் வருஷத்துக்கு நேரடிச் சேர்க்கை. கணக்கில் நடுத்தரமான மதிப்பெண் எடுத்த, கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. ஏதோ ஒரு கல்லூரியில் பி.இ. சேர்ந்து, முதல் வருஷக் கணக்குப் பேப்பரை அரியராகத் தூக்கிச் சுமப்பதைவிட மேல் என்பதே எங்கள் எண்ணம்.

600 வேறு, 200 வேறு

"எம்மக 510 எடுத்திருக்கா சார், அவன் 495தான். அவனுக்கு எப்படி முதல்ல சீட்டு?" இந்தக் கோபம் ஒவ்வொரு ஜூலையிலும் வரும். இதைத் தடுக்க மே மாதமே ஒரு வெள்ளைத்தாளில் பெற்றோரின் கையாலேயே கணக்குப் போட வைக்க வேண்டும். பிளஸ் டூ மொத்தம் 600-க்கு, இன்ஜினியரிங் தரவரிசைக்கான கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு மதிப்பெண் அப்படியே 100-க்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி.

510 எடுத்த பிள்ளை: தமிழ் 96, ஆங்கிலம் 92, கணக்கு 78, இயற்பியல் 74, வேதியியல் 80, கம்ப்யூட்டர் 90. கட்-ஆஃப் 78 + 37 + 40, ஆக 155. 495 எடுத்த பையன்: தமிழ் 80, ஆங்கிலம் 70, கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 86, கம்ப்யூட்டர் 83. கட்-ஆஃப் 92 + 42 + 43, ஆக 177. மொத்தத்தில் 15 குறைந்தவன் கட்-ஆஃபில் 22 கூடுதல். தாளில் தன் கையால் எழுதிப் பார்த்த அப்பா அதன்பிறகு அந்தக் கோபத்தோடு வருவதில்லை. அதே 510 எடுத்த பிள்ளைக்கு பி.ஏ. தமிழ் என்றால் 96 முன்னால் நிற்கும், பி.ஏ. ஆங்கிலம் என்றால் 92. எந்த வாசலில் எந்த மதிப்பெண் பேசும் என்று காட்டுவதற்குத்தான் இந்தத் தாள்.

விண்ணப்பித்தவருக்குக் கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண்ணைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. 'குலுக்கல்ல விட்டுட்டாங்க' என்பார்கள். கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணக்கு, பிறகு இயற்பியல், நான்காவது பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். எல்லாமே சமமானால்தான் ரேண்டம் எண்.

தகுதி மதிப்பெண்ணையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம். பாஸ் மார்க் 35 எடுத்தால் போதும் என்று நம்பிக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன.

சான்றிதழ்களில் சிக்குவது

விண்ணப்பம் தடுமாறுவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் இல்லை, காகிதத்தால். சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று படியேறி வர வேண்டும். கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். ரிசல்ட் வந்த வாரத்தில் தாலுகா முழுக்க ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும், வி.ஏ.ஓ. ஒருவர்தான். பொதுத்தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கச் சொல்லிவிடுங்கள். இந்தச் சான்றிதழ்களில் மதிப்பெண் எதுவும் எழுதுவதில்லை, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை.

முதல் பட்டதாரிச் சான்றில் ஒரு நுணுக்கம். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா மட்டுமில்லை, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியையும் சேர்த்தே பார்க்கிறார்கள். மூத்த பிள்ளை இந்தச் சலுகையில் படித்திருந்தால் இளையவருக்குக் கிடைக்காது. வீட்டில் உள்ள எல்லோரின் படிப்பு விவரத்தையும், மற்ற பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் நகலையும் கேட்பார்கள். பாட்டியின் படிப்புக்கு என்ன ஆதாரம் என்று அங்கே போய் விழிக்காமல் முன்கூட்டியே வி.ஏ.ஓ.விடம் பேசிவைப்பது நல்லது.

இருப்பிடச் சான்று எல்லோருக்கும் தேவையில்லை. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்கு அது வேண்டாம். ஆனால் நம் பக்கத்தில் மும்பையில் சில வகுப்புகள் படித்துவிட்டு ஊருக்கு வந்த பிள்ளைகளும், செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் படித்த பிள்ளைகளும் நிறைய. அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

இனி மிக அதிகமாகக் குழப்பம் வரும் இடம். பாளையங்கோட்டை தொடங்கி நாசரேத், டோனாவூர் வரை மிஷன் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த வட்டாரம் இது. அரசு சம்பளம் கொடுக்கிறது, அரசு புத்தகம் கொடுக்கிறது, ஆகவே அது அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நம்புகிறார்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்து வரை உதவிபெறும் பள்ளி, பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் அரசுப் பள்ளி என்றாலும் கிடையாது. மாநகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும்.

மாதம் 1000 ரூபாய் தரும் திட்டங்களின் கணக்கு வேறு. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் 2022-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காகத் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் தொடங்கியபோதே அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. புதுமைப் பெண் திட்டத்தை அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கி, 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் தொடங்கிவைத்தார்கள். தமிழ்வழியில் படித்த ஒரே உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இல்லை, மாதம் 1000 ரூபாய் உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் பெற்றோர் குழம்பிவிடுவார்கள். இரண்டு தனித்தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெயர் விஷயம் சின்னதுதான், சோறு தின்ன விடாது. ஆதாரில் இசக்கியம்மாள், மதிப்பெண் பட்டியலில் எசக்கியம்மாள். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு.

பிரவுசிங் சென்டரில் நடப்பது

விண்ணப்பத்தில் மின்னஞ்சல் கேட்கும். பிள்ளைக்கு இல்லை என்றால் சென்டர்காரர் தன்னுடையதையே போட்டுவிடுவார், சில நேரம் போன் எண்ணும் அவருடையதே. ஒரே நாளில் ஐம்பது விண்ணப்பம் போட்டவருக்கு யாருக்கு என்ன செய்தி வந்தது என்று எப்படித் தெரியும்? சாதிச் சான்றிதழ் தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றுங்கள் என்று செய்தி வரும். ஒதுக்கீடு வந்துவிட்டது, இரண்டு நாளில் உறுதி செய்யுங்கள் என்று வரும். எதுவும் வீட்டுக்கு வந்து சேராது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்னால் பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி, வீட்டில் எப்போதும் இருக்கும் போன் எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி அம்மாவின் கையில் கொடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்து அணைந்து கிடக்கும் சிம் எண் வேண்டாம். கலந்தாய்வு முடியும் வரை ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அரசின் உதவி மையங்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இன்ஜினியரிங் கலந்தாய்வுக்காகத் திறக்கப்படுகின்றன. அங்கே விண்ணப்பம் நிரப்பித் தருவதற்குச் சேவைக் கட்டணம் கிடையாது. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250 ரூபாய். இதற்கு மேல் யாராவது கேட்டால் எதற்கு என்று கேட்கப் பெற்றோருக்குத் தைரியம் கொடுங்கள்.

விருப்பப் பட்டியல்

ஒரு வருஷத்தின் உழைப்பு முழுவதும் வீணாவதும், சரியான இடத்தில் போய்ச் சேருவதும் இங்கேதான். மூன்று நாளில் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் பதியலாம், பத்தோடு நிறுத்த வேண்டியதில்லை. தரவரிசையில் முன்னால் இருப்பவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவரின் பட்டியலையும் கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே பார்க்கும். காலியாக உள்ள முதல் இடம் எதுவோ அதைக் கொடுக்கும். இதைப் புரியவைத்தால் போதும், இரண்டு தவறுகள் தாமாகவே நின்றுவிடும்.

ஒன்று, 'நமக்குக் கிடைக்காது' என்று நல்ல கல்லூரியை விட்டுவிடுவது. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதுவதால் எந்த நஷ்டமும் இல்லை, கம்ப்யூட்டர் அதைத் தாண்டிக் கீழே வரும். மற்றது, போகவே விரும்பாத கல்லூரியை மேலே எழுதுவது. யாரோ சொன்னார்கள் என்று சென்னைக் கல்லூரி ஒன்றை இரண்டாவதாகப் போடுவார்கள். அது கிடைத்துவிட்டால் ஐந்தாவதாக எழுதிய பக்கத்து ஊர்க் கல்லூரிக்குத் திரும்ப முடியாது. "கிடைச்சா போவியா?" என்று பிள்ளையிடமும், "கிடைச்சா அனுப்புவீங்களா?" என்று அம்மா அப்பாவிடமும் ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஆமாம் என்றால்தான் அந்த வரி நிற்க வேண்டும்.

பட்டியலை இப்படித் தயார் செய்யலாம். முந்தைய வருஷம் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு சமூகப் பிரிவுக்கும் எந்தக் கட்-ஆஃபோடு இடம் முடிந்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கும். பிள்ளையின் கட்-ஆஃப் 163 என்றால், தன் பிரிவுக்கான கட்டத்தில் 163-க்கு மேல் முடிந்தவற்றில் பிடித்தவை பத்து, 155 முதல் 163 வரை முடிந்தவை பதினைந்து இருபது, அதற்கும் கீழே பத்து எடுத்து எழுதுங்கள். எழுதிய பிறகு எண்ணை மறந்துவிட்டு ஆசைப்படி வரிசை மாற்றுங்கள். கட்-ஆஃப் வரிசையில் அப்படியே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அது தவறு. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் சரிபாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகள் திரையில் தோன்றும். பெற்றோருக்குப் புரியும்படி ஒரு உதாரணம்: பட்டியலில் ஒன்பதாவது கிடைத்திருக்கிறது. 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' என்றால் அதுவே போதும், குறித்த நாளுக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' என்றால் ஒன்பதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்று முதல் எட்டு வரை ஏதாவது காலியானால் அங்கே போகச் சம்மதம் என்று பொருள். மேலே கிடைத்துவிட்டால் ஒன்பது போய்விடும். இதற்கு உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது, ஒன்பது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் போதும் என்பது. நான்காவது, இதை விட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. ஐந்தாவது, கலந்தாய்வையே விட்டு விலகுவது. இவற்றில் எதையும் அழுத்தாமல் இரண்டு நாளைக் கடத்தினால் கிடைத்த இடம் ரத்தாகும். 'அலாட்மென்ட் வந்திருச்சு, பிறகு பாத்துக்கலாம்' என்று கோயில் கொடைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள்.

கலைக் கல்லூரி

'யுனிவர்சிட்டியில சேக்கணும்' என்று அபிஷேகப்பட்டிக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. வளாகத்தில் நடப்பவை பெரும்பாலும் முதுகலைப் படிப்புகள். பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். எல்லாம் அதனோடு இணைந்த கல்லூரிகளில்தான். அவற்றில் மூன்று வகை உண்டு: அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி.

பேட்டை ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, சுரண்டை காமராசர் அரசுக் கல்லூரி போன்றவற்றுக்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கடந்த ஆண்டுகளில் 50 ரூபாய்தான், பட்டியலினத்தவருக்கு 2 ரூபாய். ஆனால் தரவரிசை வந்தபின் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும். அழைத்த நாளில் அசல் சான்றிதழ்களோடு போகாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு கல்லூரி ஒரே நாளில் கூப்பிட்டால் எதற்குப் போவது என்று முன்பே முடிவு செய்துவைக்க வேண்டும்.

பாளையங்கோட்டை தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர், பேட்டை ம.தி.தா. இந்து, சதக்கத்துல்லாஹ் அப்பா போன்ற உதவிபெறும் கல்லூரிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு இணையதளத்தில் போட்ட விண்ணப்பம் இங்கே வராது. இந்தக் கல்லூரிகளுக்குள்ளேயே இரண்டு கட்டணம் இருப்பதைத்தான் பெற்றோர் கவனிப்பதில்லை. அரசு சம்பளம் தரும் உதவிபெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு இன்னொன்று. ஒரே வாசல், ஒரே பட்டம், கட்டணம் பல மடங்கு வேறு. 'பி.காம்.' என்று மட்டும் எழுதாமல் எந்தப் பிரிவு என்று குறிக்க வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், உதவிபெறும் பிரிவின் பட்டியல் வெளியாகும் வரை சுயநிதிக்குப் பணம் கட்ட அவசரம் வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். கலைக் கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் ஜூன் மாதத்தில் முடிந்துவிடும். இன்ஜினியரிங் கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்ட் என்று நீளும். 'இன்ஜினியரிங் வந்துரும்' என்று காத்திருந்து இரண்டையும் இழந்த வீடுகள் இருக்கின்றன. கட்-ஆஃப் உறுதியில்லாத பிள்ளையை அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் பிரிவிலோ சேர்த்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள். அங்கே கட்டணம் குறைவு, விட்டுப் போனாலும் இழப்பு சிறிது. விலகும்போது அசல் சான்றிதழைத் தரமாட்டோம் என்று எந்தக் கல்லூரியும் சொல்லக் கூடாது, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி அது. கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் 2018-ல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகை (அதிகபட்சம் 5000 ரூபாய் வரை பிடித்தம்), பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறையும், கடைசித் தேதி கடந்து 30 நாளுக்கு மேல் ஆனால் எதுவுமில்லை. விலகல் கடிதத்தைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் தேதிக்குச் சாட்சி இல்லை.

பெண் பிள்ளையின் அம்மா கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் பஸ்ஸைப் பற்றித்தான். "எத்தனை மணிக்கு வீடு வருவா?" அதைச் சின்ன விஷயமாகத் தள்ளாதீர்கள். கல்லூரி விடும் நேரம், கடைசி டவுன் பஸ், எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று சேர்ந்தே எழுதிப் பாருங்கள். பதில் கிடைத்த அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவார். பதில் கிடைக்காத வீட்டில் பிள்ளை படிப்பை நிறுத்திவிடும்.

மருத்துவம், கால்நடை, நர்சிங்

நீட் எழுதினால் சீட் தானாக வராது. ரிசல்ட் வந்தபிறகு மாநில ஒதுக்கீட்டுக்குத் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு இன்னொரு பதிவு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு நீட் வேண்டாம் என்று நம் ஊரில் இன்னமும் பேச்சு இருக்கிறது. வேண்டும். இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும், பி.எஸ்ஸி. நர்சிங்குக்கும் அப்படியே. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கும் மருத்துவத்தோடு சேராத வேறு கலந்தாய்வு. இவற்றுக்கெல்லாம் கடைசித் தேதி ஒன்றல்ல, ஒரு நாள்காட்டியில் வட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைக்கச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் நர்சிங் விளம்பரம் ஒட்டியிருக்கும். ஒரு வருஷம், வேலை உத்தரவாதம் என்று போட்டிருப்பார்கள். பி.எஸ்ஸி. நர்சிங் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதா, படித்து முடித்தால் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று இரண்டே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதிவு இல்லாத சான்றிதழை வைத்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

தேறாத பிள்ளையின் வீடு

ரிசல்ட் அன்று யாரும் போகாத வீடு இது, முதலில் போக வேண்டிய வீடும் இதுதான். ஒரு பாடத்தில் விட்டவருக்குத் துணைத்தேர்வு ஜூன், ஜூலையில் முடிந்து அதே வருஷம் ரிசல்ட் வந்துவிடும். இன்ஜினியரிங்கில் துணைக் கலந்தாய்வு அவர்களுக்கும் சேர்த்துத்தான் நடக்கிறது. கலைக் கல்லூரிகளிலும் காலியிடங்கள் இருக்கும். வருஷம் வீணாகவில்லை என்பதை அன்றைக்கே அப்பாவின் காதில் போட்டுவிட வேண்டும், பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால். விடைத்தாள் நகல் கேட்பதற்கும், அதன்பின் மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதற்கும் சில நாட்கள்தான் அவகாசம். நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது என்பதால் முதல் நாளிலேயே பள்ளிக்கு வரச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வழி

பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. பட்டப் படிப்புக்கு வருஷத்துக்கு 6000 ரூபாய், பி.இ., எம்.பி.பி.எஸ். போன்ற தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை அம்மா அல்லது அப்பாவின் பெயரில் இருக்க வேண்டும். அட்டை வாங்காமலே இருபது வருஷம் பீடி சுற்றியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே அட்டை வாங்கிவைத்தால்தான் கல்லூரிக்கு உதவும்.

கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை அடமானமும் முன்பணமும் கேட்கக் கூடாது, பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையும், கல்லூரி தரும் நான்கு வருஷக் கட்டண விவரமும் கையில் இருந்தால் வங்கியில் பேச்சு சீக்கிரம் முடியும். படிக்கும் காலத்தில் தவணை இல்லை, வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, மாதம் முடிந்ததைக் கட்டிவந்தால் சுமை குறையும் என்றும் சொல்லுங்கள்.

எந்த உதவித்தொகையாக இருந்தாலும் பணம் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அப்பாவின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு வராத பணத்துக்காக அலைகிறவர்கள் அதிகம். பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கி, அதோடு ஆதாரை இணைத்து, இணைந்துவிட்டதா என்று வங்கியிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய பள்ளிக் கணக்கு வருஷக்கணக்கில் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும், அதில் ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிர்ப்பித்துவைப்பது கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரத்து வேலை.